பகிடிக்கு ஆள்பழக்கம் வேணுமா?

முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "நானும் கூட்டாளிமார் மூன்று பேரும் போனில் பகிடி வீடியோ எடுத்துப் போடுகிறோம். ஊரில் சிரிக்கிறார்கள். ஆனால் அதுக்கு மேல் போகமாட்டேன் என்கிறது. இந்தத் துறையில் முன்னுக்கு வரத் திறமை வேணுமா, ஆள்பழக்கம் வேணுமா? எங்களுக்கு ஒருத்தரையும் தெரியாது."

தம்பி, எனக்கு நீர் எழுதியதில் கடைசி வசனம்தான் உறைத்தது. அதற்கு வருகிறேன். அதற்கு முதல் ஒரு கதை. பத்து வருசத்துக்கு மேலாக எனக்குள் கிடந்து அரிக்கிற கதை.

நான் பள்ளிக்கூடத்தில் நாடகமும் அரங்கியலும் படிப்பித்தவன். பாடத்துக்கு வெளியே என் வேலை முழுக்க மேடைதான். தமிழ்த்தினப் போட்டி, ஒளிவிழா, பிரதேச செயலகத்துக் கலாசார விழா, கோயில் திருவிழா, சில நேரம் சாமத்திய வீட்டுக்குக்கூடப் பெடியளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். யுத்தம் முடிந்து நாலைந்து வருசமிருக்கும். எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றில் பூங்காவனத் திருவிழா. சாமி உள்ளே போய், மேளகாரர் சாப்பிடப் போன பிறகு எங்களுக்கு இருபது நிமிசம் என்று பேச்சு. என்னிடம் படித்த பெடியன் ஒருவன், தனி ஆள், பஸ் பகிடி வைத்திருந்தான். மேடைக்குப் பின்னால் நிற்கிறோம், உபயகாரர் பக்கத்து ஆள் ஒருவர் ஓடி வந்தார்.

"சேர், குறை நினைக்காதேங்கோ. ஏழு நிமிசத்தில முடியுங்கோ. மேடைச் செலவு தந்தவரின்ர மருமோன் வந்து நிக்கிறார், அவரும் ஏதோ பகிடி செய்யப் போறாராம்."

ஏழு நிமிசம். எங்கள் ஊர்த் திருவிழாவில் சனம் கேட்கிறதா இல்லையா என்று பார்க்கக் கை தட்டலை நம்பக் கூடாது. கச்சான் கடலையைக் கவனிக்க வேண்டும். பாயில் இருக்கிற சனம் முழுக்கக் கச்சான் உடைத்துக்கொண்டிருக்கும். அந்த நொறுக்கு நொறுக்கென்ற சத்தம் மழைத்தூறல் மாதிரிக் கேட்டபடியே இருக்கும். அவன் தொடங்கி இரண்டாவது நிமிசத்தில் அந்தச் சத்தம் நின்றது. கையில் எடுத்த கச்சானோடு சனம் அப்படியே இருந்தது. சிரிப்பு அதற்குப் பிறகுதான் வந்தது, ஆனால் எனக்கு அந்த அமைதி போதும். இவன் ஆள்.

பிறகு மருமோன் ஏறினார். இருபத்தைந்து நிமிசம். இந்தியப் படத்துப் பகிடிகளை அதே குரலில் சொன்னார். கச்சான் சத்தம் ஒரு விநாடிகூட நிற்கவில்லை. முடிந்ததும் நல்ல கை தட்டல். செலவு தந்தவர் முன்வரிசையில் இருந்தார் அல்லவா.

இத்தோடு முடிந்திருந்தால் "பார்த்தீரா, திறமை ஒரு பக்கம், செல்வாக்கு ஒரு பக்கம்" என்று நான் சொல்லிவிட்டுப் போகலாம். முடியவில்லை. அடுத்த வருசமும் மருமோனுக்கு மேடை கிடைத்தது. படத்துப் பகிடியில் பாதியை விட்டுவிட்டு ஊர்க் கதை இரண்டைச் சேர்த்திருந்தார். அவை பரவாயில்லை. இடையில் பக்கத்து ஊர்க் கோயில், விளையாட்டுக் கழகத்து இரவு என்று மூன்று நாலு இடங்களில் ஏறியிருக்கிறார். மூன்றாம் வருசம் நான் பாயில் இருந்து பார்த்தேன். கச்சான் சத்தம் நின்றது. மனிசன் நன்றாகவே செய்தார். எனக்குச் சந்தோசம் வரவில்லை, கோபம்தான் வந்தது. ஏனென்றால் என் பெடியனுக்கு அந்த ஏழு நிமிசத்துக்குப் பிறகு மேடையே கிடைக்கவில்லை. மணல் லொறியில் கொஞ்ச நாள் ஓடிவிட்டுக் கட்டாருக்குப் போய்விட்டான்.

இனி உம்முடைய கேள்விக்கு வருவோம். ஆள்பழக்கம் சிரிப்பை வாங்கித் தராது. முன்வரிசையில் மாமா இருந்தால் கை தட்டல் வரும், சிரிப்பு வராது. பொய்ச் சிரிப்பு எது என்று மேடையில் நிற்கிறவனுக்கு உடனே விளங்கும். ஆனால் ஆள்பழக்கம் இன்னொன்றை வாங்கித் தரும். பிழை விட்ட பிறகும் திரும்ப ஏறுகிற வசதி. பாட்டு என்றால் வீட்டுக்குள் இருந்து சாதகம் செய்யலாம். மிருதங்கத்தை மாட்டுக் கொட்டிலில் வைத்து அடித்துப் பழகலாம். பகிடியை அப்படிப் பழக முடியாது, எதிரில் ஆள் வேண்டும். அதுவும் உம்மைத் தெரியாத ஆள். சிரிக்காத ஆள். அந்த ஆட்களை யார் உமக்கு அடிக்கடி கொண்டுவந்து தருகிறார்களோ, அவர்கள்தான் உம்முடைய ஆள்பழக்கம். அமைச்சரோ தயாரிப்பாளரோ ஆக இருக்க வேண்டும் என்றில்லை.

பேர் எடுத்தவர்களின் கதைகளை இந்தக் கண்ணால் பாரும். நாகேஷ் ரயில்வேயில் வேலை செய்தபடி அமெச்சூர் நாடகம் போட்டவர். வயிற்றுவலிக்காரனாகச் சின்ன வேடம் ஒன்றில் வந்ததைப் பார்த்து, அன்று தலைமை தாங்கிய எம்.ஜி.ஆர். மேடையிலேயே பாராட்டினார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. எல்லோரும் எம்.ஜி.ஆரைப் பிடித்துக்கொள்வார்கள். நான் பார்க்கிறது அந்த ரயில்வே நாடக மன்றத்தை. வேலை முடிந்து வந்து ஒத்திகை பார்க்க ஒரு இடமும், வருசத்தில் சில தரம் நாடகமும் இருந்ததே, அதுதான் முதல். அறை நண்பராக இருந்தவர் கவிஞர் வாலி. அப்போது இரண்டு பேருக்கும் பேர் இல்லை. பேர் இல்லாத இரண்டு பேர் ஒருவரை ஒருவர் தெரிந்து வைத்திருந்ததும் ஆள்பழக்கம்தானே?

விவேக் தலைமைச் செயலகத்தில் வேலை பார்த்தவர். சென்னை நகைச்சுவை மன்றம் ஒன்றில் பேசிப் பழகி, அந்த வழியாக பாலச்சந்தரிடம் போய், 1987இல் 'மனதில் உறுதி வேண்டும்' படத்தில் வந்தார். வடிவேலு மதுரையில் படங்களுக்குச் சட்டம் போடுகிற கடையில் வேலை செய்தவர். ராஜ்கிரண் என்கிற ஒரு மனிசரின் பழக்கம் இல்லாவிட்டால் 1991இல் 'என் ராசாவின் மனசிலே' அவருக்கு இல்லை. ஆனால் ராஜ்கிரண் திறந்துவிட்டது ஒரு கதவை. அதற்குப் பிறகு வந்த முப்பது வருசச் சிரிப்புக்கு ராஜ்கிரண் என்ன செய்வார்? சந்தானமும் யோகி பாபுவும் ஒரே தொலைக்காட்சி நிகழ்ச்சியிலிருந்து வந்தவர்கள், 'லொள்ளு சபா'. கிழமைக்குக் கிழமை ஒன்று செய்தே ஆக வேண்டிய கட்டாயம். நல்லதோ கெட்டதோ அடுத்த கிழமை திரும்பவும். யோகி பாபு அங்கே முதலில் திரைக்குப் பின்னால் நின்றவர்.

எங்கள் பக்கத்துக்கு வந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். இலங்கை வானொலியில் சானா சண்முகநாதன் நாடகப் பகுதியை நடத்திய காலத்தில் ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்றவர்களில் எத்தனையோ பேருக்குப் பகலில் வேறு உத்தியோகம். 'அண்ணை றைற்' என்ற பஸ் தனிநடிப்பைச் செய்த கே. எஸ். பாலச்சந்திரன் கரவெட்டிக்காரர், வருமான வரித் திணைக்களத்தில் வேலை. ஒரே ஆள், கொண்டக்டரும் அவர்தான், சனமும் அவர்தான். அந்தத் தனிநடிப்பை எங்கே பழகியிருப்பார் என்று நினைக்கிறீர்? பஸ்ஸில் ஏறி இறங்கித்தான் பார்த்திருப்பார், ஆனால் பார்த்ததைத் திரும்பத் திரும்பச் செய்து காட்ட மேடையும் வானொலியும் இருந்தன.

வானொலியில் வந்து 1976இல் படமாகவும் வந்த 'கோமாளிகள்' எனக்கு இன்னும் பெரிய பாடம். மரைக்காராகப் பேசியவர் ராமதாஸ். ஐயராகப் பேசியவர் பி. எச். அப்துல் ஹமீத். பாரும், முஸ்லிம் பேச்சை இந்துவும் ஐயர் பேச்சை முஸ்லிமும்! சிங்களவர் பேசுகிற தமிழில் உபாலியாக வந்தது செல்வசேகரன், யாழ்ப்பாணத்து அப்புக்குட்டி ராஜகோபால். இந்த நாலு பேரும் தனித்தனியே எவ்வளவு திறமைசாலிகளாக இருந்தாலும், ஒருவர் எப்போது மூச்சு விடுவார், எங்கே வசனத்தை விழுத்துவார் என்று மற்றவருக்குத் தெரியாவிட்டால் அது நடந்திராது. நீர் "நானும் கூட்டாளிமார் மூன்று பேரும்" என்று எழுதியிருக்கிறீர். கணக்குச் சரியாக நாலு வருகிறது, கவனித்தீரா?

திறமை மட்டும் இருந்து ஒன்றும் ஆகாத ஆளையும் எனக்குத் தெரியும். 2009இல் இடம்பெயர்ந்து செட்டிகுளத்து முகாமில் இருந்தபோது, எங்கள் வலயத்தில் தண்ணீர் பவுசருக்கு வரிசை நிற்கும். வெயில் என்றால் அப்படி வெயில். வாளியை வைத்துவிட்டு ஆளுக்காள் முறைத்துக்கொண்டு நிற்கிற இடம். அங்கே வயதான ஒருவர். முன்பு இரணைமடு வாய்க்காலில் வயலுக்குத் தண்ணீர் திறந்து விடுகிற வேலை பார்த்தவர். தன் முறை வந்ததும் வெற்று வாளியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, வயல்வெளியில் கத்துகிற அதே குரலில் அறிவித்தார்: "மேல் வாய்க்கால் ஆக்கள் விலகுங்கோ! கீழ் வாய்க்காலுக்குத் திறக்கப் போறன்!" ஒரு விநாடி ஒன்றுமில்லை. பிறகு கிளிநொச்சிச் சனம் அவ்வளவும் குலுங்கியது. வயல் வைத்திருந்தவர்களுக்குத்தான் அது விளங்கும். அங்கே நின்ற எல்லோரும் வயல் வைத்திருந்தவர்கள். சிரித்து முடித்து ஒரு மனிசி கண்ணைத் துடைத்தது சிரிப்புக்கா மற்றதுக்கா என்று எனக்குத் தெரியாது.

ஊருக்குத் திரும்பிய பிறகு அவரைத் தேடிப் போய் மேடைக்குக் கேட்டேன். "சேர், மைக்கைக் கண்டா எனக்குக் கை நடுங்கும்" என்றார். இரண்டு தரம் ஏறிப் பழகியிருந்தால் அந்த நடுக்கம் போயிருக்கும். அவர் ஏறவேயில்லை.

நான் சின்னப் பெடியனாக இருந்தபோது எங்கள் ஊரில் கூத்துப் பழக்கிய அண்ணாவியாரின் கணக்கு வேறு. ராசா வேடத்துக்குக் காசு வைத்திருந்தவர் வீட்டுப் பிள்ளையை விடுவார். உடுப்புச் செலவு அவர்கள் தலையில். மந்திரி வேடத்துக்குச் சொந்தக்காரன். பபூனுக்கு மட்டும் ஒருத்தர் சொல்லும் எடுபடாது. ராசா வசனத்தை மறந்தால் பிற்பாட்டுக்காரர் சமாளிப்பார். பபூன் விழுந்தால் விடிய விடிய இருக்கிற சனம் எழும்பிப் போய்விடும். அந்த இடத்தில் மட்டும் அவர் திறமையைத்தான் பார்த்தார். வேறு வழி இருக்கவில்லை.

திரும்பத் திரும்ப ஏறினால் என்ன கிடைக்கும் என்பதைச் சின்ன உதாரணத்தில் காட்டுகிறேன். அந்தக் கட்டார் பெடியனின் பஸ் பகிடியில் முறிகண்டி வரும். ஏ9 வீதியில் போகிற வாகனம் எல்லாம் முறிகண்டிப் பிள்ளையாரிடம் நின்று கும்பிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டுதான் போகும் என்பது உமக்குச் சொல்லத் தேவையில்லை. அவன் முதலில் எழுதிக்கொண்டு வந்தது: "எங்கட பஸ்ஸில பிரேக் இல்லாதபடியா முறிகண்டியில பிள்ளையார்தான் பஸ்ஸை நிப்பாட்டுறவர்." வகுப்பில் சொன்னான், இரண்டு பேர் பல்லைக் காட்டினார்கள். அடுத்த தரம் ஒரு வாசிகசாலை ஆண்டு விழாவில், பிரேக்கைப் பின்னுக்குப் போட்டான்: "முறிகண்டியில பிள்ளையார்தான் பஸ்ஸை நிப்பாட்டுறவர், ஏனெண்டா பிரேக் இல்லை." கொஞ்சம் கூட. அந்த 'ஏனெண்டா' இடையில் குறுக்கே கிடந்தது. திருவிழா இரவு அவன் சொன்னது இது:

"முறிகண்டியில எல்லா பஸ்ஸும் நிக்கும். மற்ற பஸ்ஸை எல்லாம் ட்ரைவர் நிப்பாட்டுவார். எங்கட பஸ்ஸைப் பிள்ளையார் நிப்பாட்டுவார்."

நிறுத்தினான். கச்சான் சத்தம் நின்றது அந்த இடத்தில்தான். பிறகு, மெதுவாக, "பிரேக் இல்லை."

சொற்கள் கிட்டத்தட்ட அதே சொற்கள். மூன்று கூட்டம் தேவைப்பட்டது. எந்த வாத்தியாரும் இதைச் சொல்லித் தர முடியாது. நான் வாத்தியார், எனக்குத் தெரியும். சிரிக்காத கூட்டம்தான் சொல்லித் தந்தது.

வன்னிக்காரனுக்கு இங்கேதான் அடி விழுகிறது. "எங்களுக்குச் செல்வாக்கு இல்லை" என்று நாங்கள் அழுகிறோம். உண்மையில் எங்களுக்கு இல்லாதது கூட்டம். 2012 கணக்கெடுப்பின்படி முல்லைத்தீவு மாவட்டம் முழுக்க ஒரு லட்சம் பேர்கூட இருக்கவில்லை; நிலமோ இரண்டாயிரத்து ஐந்நூறு சதுர கிலோமீற்றருக்கு மேல். யாழ்ப்பாண மாவட்டம் அதில் பாதிகூட வராது, அங்கே அதே கணக்கில் ஐந்தே முக்கால் லட்சத்துக்கு மேல் சனம். யாழ்ப்பாணத்துப் பெடியன் சைக்கிளில் போய் ஒரு மாதத்தில் நாலு மேடை ஏறலாம். ஒட்டுசுட்டானில் இருக்கிற பெடியன் நாலு மேடைக்கு ஒரு வருசம் பார்த்திருக்க வேண்டும், கடைசி பஸ் போனால் திரும்பி வரவும் வழியில்லை. தொலைக்காட்சி என்றால் கொழும்பு, முந்நூறு கிலோமீற்றர். போகவர, தங்க, சாப்பிட என்று ஒரு தரம் போய்வந்தாலே ஒரு மாதக் கூலி போய்விடும். அப்படிப் போய் "பிறகு வாங்கோ" என்று கேட்டுவிட்டு வந்த பெடியள் என்னிடம் இரண்டு பேர் இருக்கிறார்கள். எந்த இடம் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, போனில் போடலாமே என்பீர். போடும். அதில் ஒரு நன்மை, கணக்கு வெளியில் தெரியும்: யூடியூப்பில் 1,000 சந்தாதாரர், பன்னிரண்டு மாதத்துக்குள் 4,000 மணித்தியாலம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும், குறும் வீடியோ என்றால் 90 நாளில் ஒரு கோடிப் பார்வை. அதற்குப் பிறகுதான் விளம்பரக் காசு. இதுக்கு யாருடைய மருமோனாகவும் இருக்கத் தேவையில்லை. ஆனால் விளம்பரக் காசு பார்க்கிறவர் இருக்கிற நாட்டைப் பொறுத்து மாறும். கனடாவில் ஒருவர் பார்ப்பதும் பரந்தனில் ஒருவர் பார்ப்பதும் ஒன்றில்லை. இதை அறிந்ததும் பெடியள் கனடாவுக்குப் பகிடி செய்யத் தொடங்குகிறார்கள். பனையோலை வேலி, கிணற்றடி, சுருட்டுக் குடிக்கிற அப்பு, பொல்லோடு துரத்துகிற ஆச்சி. ரொறன்ரோவில் இருக்கிறவருக்கு அது 1985ஆம் ஆண்டு ஊர். எங்கள் ஊரில் இன்று அப்பு வட்ஸ்அப்பில் இருக்கிறார், ஆச்சி நுண்கடன் காசு கட்டக் கூட்டத்துக்குப் போய்விட்டா. அந்தப் பகிடியை ஒருத்தரும் எடுக்கிறதில்லை. எடுத்தால் இங்கேயும் சிரிப்பார்கள், அங்கேயும் சிரிப்பார்கள் என்பது என் எண்ணம். பிழையாகவும் இருக்கலாம், நான் வீடியோ போட்டு உழைத்தவன் இல்லை.

இன்னொன்று. வீடியோவில் சிரிப்பு உமக்குக் கேட்காது. மஞ்சள் முகப் பொம்மை வரும், அவ்வளவுதான். எந்தச் சொல்லில் கச்சான் சத்தம் நின்றது என்று அது சொல்லாது. அதனால் போனில் போடுகிறதை முதலில் ஆட்களுக்கு முன்னால் செய்து பாரும். வயல் விதைப்புக்கு வந்தவர்கள், சந்தையில் மீன் வெட்டுகிறவர்கள், கிரிக்கெட் முடிந்து மதகில் இருக்கிற பெடியள், யாரென்றாலும். உம்முடைய அம்மாவுக்கு மட்டும் செய்து காட்ட வேண்டாம், அவ எதுக்கும் சிரிப்பா.

பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உம்முடைய வீடியோ ஒன்றில் மதுரைத் தமிழ் கேட்டது. மதுரைத் தமிழ் மதுரைக்காரர் வாயில் நல்லாயிருக்கும். வன்னியில் இருக்கிற காது வேறு எங்கேயும் இல்லாத காது. இங்கேயே தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள், குளத்துக் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள், 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்தவர்கள், கரையோர மீன்பிடிக் கிராமங்கள், முஸ்லிம் ஊர்கள், எல்லோரும் ஒரே சந்தையில் ஒரே நேரத்தில் விலை பேசுவதைக் கேட்டு வளர்ந்திருக்கிறீர். 'கோமாளிகள்' ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் செய்ததை எங்கள் புதுக்குடியிருப்புச் சந்தை தினமும் செய்கிறது. அதை எடும். ஒரு நிபந்தனை: மலையகத் தமிழைக் கேட்டதும் சிரிப்பு வரும் என்று எண்ணி எழுதுகிற பகிடிகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். பேச்சு வேறாக இருப்பதே பகிடி என்றால் அது பகிடி இல்லை, எளியவனை இடிக்கிற வேலை. ராமதாசின் மரைக்காரை முஸ்லிம்களும் ரசித்தார்கள். அந்த ஆளுக்கு மூளையும் இருந்தது, வாயும் இருந்தது.

மருமோனைப் பற்றிக் கேட்பீர். இன்னும் செய்கிறார், நன்றாகவே செய்கிறார், இப்போது பார்த்தால் எழும்பி நின்று "சேர்" என்கிறார். நான் அவரோடு கோபமில்லை. கட்டார் பெடியன் இடைக்கிடை குரல் பதிவு அனுப்புவான். அறையில் எட்டுப் பேர், வெள்ளிக்கிழமை லீவு, அவர்களுக்குப் பஸ் பகிடி செய்து காட்டுகிறானாம். நேபாளக்காரர் இரண்டு பேர் மொழி விளங்காமலே சிரிக்கிறார்களாம். பிரேக் என்ற சொல்லுக்கு முதல் எவ்வளவு நேரம் நிறுத்துகிறாய் என்று கேட்டேன். "அங்க செய்ததைவிடக் கூட, சேர்" என்றான்.

உம்முடைய கடைசி வசனத்துக்கு வருகிறேன் என்றேன், "எங்களுக்கு ஒருத்தரையும் தெரியாது" என்பதற்கு. எங்கள் பக்கத்து வாசிகசாலையில் ஆண்டு விழா வருகிறது. மேடை பெரிசில்லை, இரண்டு மேசையைச் சேர்த்துக் கட்டியது. உம்முடைய நாலு பேருக்கும் பத்து நிமிசம் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், ஓம் என்றார்கள். கரண்ட் போனால் போனது, கத்திச் செய்யப் பழகிக்கொண்டு வாரும். சரி வந்தாலும் சரி வராவிட்டாலும் அடுத்த மாதம் விளையாட்டுக் கழகத்திலும் கேட்டுப் பார்க்கிறேன். முறிகண்டிப் பகிடி மட்டும் வேண்டாம். அதை இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளே சொல்லித் திரிகின்றன.